நாலு மணி நேர ரோட்டை ரெண்டு நாளா ஓட்டுங்க: ஃப்ளோரிடா கீஸ் கேள்வி-பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல, மயாமிக்குக் கீழ கடல் நடுவுல ஓடற ஓவர்சீஸ் ஹைவே பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல. புதுசா படிக்கறவங்களுக்காக: அமெரிக்காவோட தென்கிழக்கு மூலையில ஃப்ளோரிடா முடியுது இல்லையா, அங்கேருந்து தென்மேற்கா வளைஞ்சு போற தீவு வரிசைதான் ஃப்ளோரிடா கீஸ். கீ-ன்னா சாவி இல்லீங்க, குட்டித் தீவுக்கு ஸ்பானிஷ்ல காயோன்னு பேரு, அது இங்கிலீஷ்காரங்க வாயில கீ ஆயிடுச்சு. அந்தத் தீவையெல்லாம் கோத்துக்கிட்டு 113 மைல், நம்ம கணக்குல 180 கிலோமீட்டர் சொச்சம், 42 பாலம், கடைசித் தீவு கீ வெஸ்ட்ல போய் ரோடு முடியுது. நான் பதினஞ்சு வருஷமா ஃப்ளோரிடாவுல இருக்கேன், ஆறேழு தடவை ஓட்டியிருக்கேன், அதுல முதல் தடவை முழு வேஸ்ட். ஏன்னு முதல் பதில்லயே சொல்லிடறேன்.

அக்கா, டிசம்பர் கடைசியில அப்பா அம்மா சென்னையில இருந்து வர்றாங்க. மயாமியில ரூம் போட்டாச்சு. காலையில கிளம்பி கீ வெஸ்ட் பாத்துட்டு ராத்திரியே திரும்பிடலாம்னு வீட்டுக்காரர் சொல்றார். முடியுமா? – வாசகி, அட்லாண்டா

முடியும்மா. ஆனா பண்ணாதீங்க.

மயாமியில இருந்து கீ வெஸ்ட் 160 மைல். மேப்ல பாத்தா மூணரை மணி நேரம், நாலு மணி நேரம்னு காட்டும், உங்க வீட்டுக்காரர் அதைப் பாத்துட்டுத்தான் சொல்றார். ஆனா ஃப்ளோரிடா சிட்டி தாண்டினதும் பெரும்பாலும் போக ஒரு லேன் வர ஒரு லேன், ஸ்பீடு லிமிட் 45, 55 மைல் அவ்ளோதான், முன்னாடி ஒருத்தர் போட்டை ட்ரெய்லர்ல கட்டி இழுத்துக்கிட்டுப் போனா அவர் பின்னாடியே நீங்களும் ஊர்ந்து போக வேண்டியதுதான். எங்கேயாவது ஒரு ஆக்சிடென்ட்னா முடிஞ்சுது கதை, சுத்திப் போக வேற ரோடே கிடையாது, ரெண்டு பக்கமும் கடல். அதுவும் நீங்க போறது டிசம்பர் கடைசி, பனிக்குப் பயந்து வடக்கே இருக்கறவங்க எல்லாம் கீழ இறங்கற நேரம்.

நாங்க முதல் தடவை அப்படித்தான் போனோம். காலையில ஆறு மணிக்குக் கிளம்பி, பதினொன்னரைக்குப் போய்ச் சேந்து, பார்க்கிங் தேடி அரை மணி நேரம், போட்டோ எடுக்க க்யூவுல ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், சன்செட் பாத்துட்டு வண்டியை எடுத்தா இருட்டிடுச்சு. உலகமே பேசற அந்த ஏழு மைல் பாலத்துல திரும்பி வர்றப்போ எனக்குத் தெரிஞ்சதெல்லாம் முன்னாடி கார் ப்ரேக் லைட் மட்டும்தான். பின் சீட்ல இருந்து என் மாமியார் "கடல் வந்துருச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு பக்கமும் கடல்தான் அத்தை, கண்ணுக்குத்தான் தெரியலன்னேன்.

அதனால நடுவுல மாரத்தான்ங்கற ஊர்ல ஒரு ராத்திரி தங்குங்க, ரோட்டுக்குக் கிட்டத்தட்ட பாதி வழி அது. காலையில ஏழு மணிக்கெல்லாம் மயாமியை விட்டுருங்க, ஹோம்ஸ்டெட் பக்கம் பழக்கடைகள் இருக்கு, சப்போட்டா, பலா, கொய்யான்னு நம்ம ஊர்ப் பழம் எல்லாம் அங்க விளையுது, அப்பா அம்மாவுக்கு அதுவே ஒரு அதிசயமா இருக்கும், அங்கேயே டேங்க்கையும் ஃபுல் பண்ணிக்கோங்க. கீ லார்கோவுல ஒரு ஸ்டாப், இஸ்லமொராடாவுல ஒரு ஸ்டாப், மதியம் ரெண்டு ரெண்டரைக்கு மாரத்தான். கொஞ்சம் படுத்து எழுந்துட்டு நாலரை மணிக்குப் பழைய ஏழு மைல் பாலத்துக்குப் போயிடுங்க. அங்க வண்டி விடமாட்டாங்க, நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான், ரிப்பேர் பண்ணி 2022 ஜனவரியில திரும்பத் திறந்துவிட்ட 2.2 மைல் அது. டிசம்பர்ல அஞ்சே முக்காலுக்குள்ள சூரியன் இறங்கிடும், அப்பா அம்மா முழு தூரமும் நடக்கணும்னு அவசியமே இல்ல, கால் மைல் போய் ஓரமா நின்னாப் போதும். மறுநாள் காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி புதுப் பாலத்துல வண்டியை ஓட்டுங்க, அப்போ தண்ணி பச்சையும் நீலமும் பட்டை பட்டையா தெரியும், பாலத்துல எங்கேயும் நிறுத்தக்கூடாது, அதனால ஓட்டறவர் ரோட்டைப் பாக்கட்டும், மத்தவங்க ஜன்னலைப் பாருங்க. மதியத்துக்குள்ள கீ வெஸ்ட்.

இல்லக்கா ஒரே நாள்தான் இருக்குன்னா, கீ வெஸ்டை விட்டுட்டு, ஏழு மைல் பாலம் தாண்டினதும் வர்ற பஹியா ஹோண்டா பார்க் வரைக்கும் மட்டும் போய்த் திரும்பிடுங்க. இதைச் சொன்னா நிறைய பேருக்குக் கோவம் வரும், அவ்ளோ தூரம் போயிட்டுக் கடைசி ஊரைப் பாக்காம வர்றதான்னு. எனக்கு அந்தக் கடைசி ஊரை விட வழியில இருக்கற பாலங்கள்தான் ஊரு.

நாங்க புக் பண்ணின ஹோட்டல் அட்ரஸ்ல "மைல் மார்க்கர் 82, ஓஷன்சைட்"னு மட்டும் போட்டிருக்கு. இது என்ன அட்ரஸ்? ஏமாத்தறாங்களா? – வாசகர், டல்லஸ்

ஏமாத்தல சார், அங்க அட்ரஸே அப்படித்தான். ரோட்டோரமா ஒவ்வொரு மைலுக்கும் பச்சைப் பலகையில நம்பர் இருக்கும், கீ வெஸ்ட்ல 0, அங்கேருந்து மேல எண்ணிக்கிட்டே வரும். மயாமியில இருந்து போற நமக்கு நம்பர் குறைஞ்சுக்கிட்டே போகும். கீ லார்கோ நூத்துக்கு மேல, இஸ்லமொராடா எம்பதுகள், மாரத்தான் அம்பது பக்கம். ஓஷன்சைட்னா அட்லான்டிக் பக்கம், கீழ போறப்போ உங்க இடது கை. பேசைட்னா வலது கை. சன்செட் பாத்துக்கிட்டே சாப்பிடணும்னா பேசைட் ஹோட்டலா பாத்து எடுங்க.

பையனுக்கு ஆறு வயசு. பாலம், சரித்திரம்லாம் சொன்னா தூங்கிடுவான். அவனுக்கு என்ன இருக்கு? – வாசகி, சார்லட்

நிறைய இருக்குமா. மாரத்தான்ல ஆமை ஆஸ்பத்திரின்னு ஒண்ணு, டர்ட்டில் ஹாஸ்பிட்டல், 1986ல ஆரம்பிச்சது, பழைய மோட்டல் கட்டடத்துல நடக்குது, ஆமைக்குன்னு தனி ஆம்புலன்ஸே வெச்சிருக்காங்க. டூர் முன்னாடியே புக் பண்ணிடுங்க. அங்க சில ஆமைங்களுக்குப் பின்பக்கம் மட்டும் தண்ணிக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும். போட் மோதி ஓடு அடிபட்டா உள்ள காத்து மாட்டிக்கும், அப்புறம் அதால முங்கவே முடியாது, முங்க முடியாத ஆமைக்குக் கடல்ல வாழ்க்கை இல்ல. அதுக்கு ஓட்டு மேல குட்டிக் குட்டி வெயிட் ஒட்டிவிடறாங்க, அந்தப் பாரத்துலதான் அது கீழ இறங்கி நீந்துது. ஆமை வளர வளர ஓட்டுத் தகடு உரியும், வெயிட்டும் கழண்டு விழும், திரும்ப ஒட்டணும். அதுங்களைக் கடல்ல விட முடியாது, ஆயுசுக்கும் காப்பகம்தான். என் பொண்ணு அன்னிக்கு முழுக்க வேற எதையும் பேசல.

இஸ்லமொராடாவுல ராபீஸ்னு ஒரு படகுத்துறை, மைல் மார்க்கர் 77 பக்கம், ஒரு வாளி மீன் வாங்கிக் கையில பிடிச்சா டார்ப்பன்னு ஆள் உயர மீன் எகிறி வந்து பிடுங்கும். பல்லு ஒண்ணும் பண்ணாது, ஆனா வாயோரம் சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி இருக்கும், கை சிராய்க்கலாம், மோதிரத்தைக் கழட்டிடுங்க. மீனை விட அங்க சுத்தற பெலிக்கன்தான் ரவுடி, வாளியோட தூக்கப் பாக்கும்.

அப்புறம் பிக் பைன் கீ-யில குட்டி மான். கீ டீயர்னு பேரு, வளந்த மானே நம்ம ஊர் வெள்ளாடு உயரம்தான் இருக்கும். 1950கள்ல வேட்டையாடி வேட்டையாடிச் சில டஜன்தான் மிஞ்சியிருந்துச்சு, 1957ல சரணாலயமா அறிவிச்சுக் காப்பாத்தினாங்க. அந்தத் தீவுல ராத்திரி லிமிட் 35தான், போலீஸ் நிஜமாவே நிப்பாங்க. தீனி போடக்கூடாது, ஃபைன்.

ஓவர்சீஸ் ஹைவேல டோல் எவ்ளோ வரும்? – வாசகர், சிகாகோ

அந்த ரோட்டுல டோலே இல்ல. மயாமியில இருந்து ஃப்ளோரிடா சிட்டி வரைக்கும் டர்ன்பைக்ல போனா அதுலதான் டோல், அங்க காசு வாங்க ஆளே கிடையாது, நம்பர் ப்ளேட்டை போட்டோ எடுத்து பில் அனுப்பிடுவாங்க. வாடகைக் காருன்னா ஜாக்கிரதை. ஒரு தடவை எனக்கு டோல் மூணு டாலர் சொச்சம், அதுக்கு அந்தக் கம்பெனி கார் வெச்சிருந்த ஒவ்வொரு நாளைக்கும் சர்வீஸ் சார்ஜ் போட்டு அறுபது டாலர் கிட்ட கார்டுல எடுத்துட்டாங்க, கேட்டா நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருக்குன்றாங்க, இருந்துச்சு, எறும்பு சைஸ் எழுத்துல. சன்பாஸ்னு டோல் கட்டற பாஸ் இருக்கு, அதை வாங்கி வாடகைக் காரோட நம்பரை அதுல சேத்துக்கோங்க, ஜார்ஜியாகாரங்க அவங்க ஊர் டோல் பாஸான பீச் பாஸ் வெச்சிருந்தா அதுவும் இங்க வேலை செய்யும்.

மாமியார் சுத்த சைவம், முட்டை கூடத் தொடமாட்டாங்க. அங்க மீனும் இறாலும்தான்னு சொல்றாங்க, பட்டினி போட்டுருவேனோன்னு பயமா இருக்கு அக்கா. – வாசகி, ஜாக்சன்வில்

பயம் நியாயம்தான். நான் புளியோதரையும் தயிரும் ஐஸ் பாக்ஸ்ல போட்டுக்கிட்டுத்தான் கிளம்புவேன், இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, பஹியா ஹோண்டா பார்க்ல பிக்னிக் டேபிள் இருக்கு, கடலைப் பாத்துக்கிட்டுப் புளியோதரை சாப்பிடறதுக்கு எந்த ஹோட்டலும் ஈடாகாது. கீ லார்கோலயும் மாரத்தான்லயும் பப்ளிக்ஸ் கடை இருக்கு, பழம், பால், தயிருக்குக் கவலை இல்ல.

வெளிய சாப்பிடணும்னா கியூபாக்காரங்க கடை நல்லது. கறுப்பு பீன்ஸ், வெள்ளைச் சாதம், வாட்டின பழுத்த வாழைப்பழம், மூணும் கிடைக்கும், ஆனா ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி பீன்ஸ்ல பன்றிக்கறி போட்டிருக்கான்னு வாயத் திறந்து கேட்டுருங்க, வாசனைக்காகப் போடற பழக்கம் அவங்களுக்கு உண்டு. அவங்க பால் காபி ரொம்ப நல்லா இருக்கும், சிக்கரி போடாத ஃபில்டர் காபின்னு வெச்சுக்கோங்க.

கீ லைம் பை பத்தியும் கேப்பாங்க. அதுல முட்டை மஞ்சக்கரு உண்டு, மாமியாருக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. டின் பால், மஞ்சக்கரு, எலுமிச்சைச் சாறு அவ்ளோதான் அது, தீவுல பசும்பாலும் ஐஸும் கிடைக்காத காலத்து அயிட்டம். நிறம் வெளிர் மஞ்சளா இருக்கணும், பச்சையா இருந்தா கலர் கலந்திருக்காங்கன்னு எழுந்து வந்துடுங்க. இதுல ஒரு வேடிக்கை, கீ லைம் கீ லைம்னு இவங்க கொண்டாடறது வேற ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்ல கூறு கட்டி விக்கற அதே சின்ன நாட்டு எலுமிச்சை.

அசைவம் சாப்பிடறவங்களுக்கு ஊரெல்லாம் காங்க் ஃப்ரிட்டர், சங்குக் கறியில போட்ட போண்டா. ஆனா ஃப்ளோரிடாவுல சங்கு எடுக்கறதை 1980கள்லயே தடை பண்ணிட்டாங்க, தட்டுல வர்றது பஹாமாஸ் மாதிரி வெளியூர்ச் சங்கு. சங்கு பேர்ல ஊரு (அந்தக் கதை கீழ வருது), சங்கு மட்டும் இறக்குமதி.

மாலத்தீவு மாதிரி வெள்ளை மணல் பீச் இருக்குமா? தண்ணிக்குள்ள பவளப்பாறை கரையில இருந்தே தெரியுமா? – வாசகர், நியூ ஜெர்சி

ரெண்டுக்கும் பதில் கிட்டத்தட்ட இல்லைதான். பவளப்பாறை கரையில இருந்து அஞ்சாறு மைல் தள்ளி வரிசையா இருக்கு, அலையெல்லாம் அதுல மோதி அங்கேயே ஒடைஞ்சுடும், அலை வராததால மணலும் வந்து சேராது. கரை முழுக்க சுண்ணாம்புப் பாறையும் அலையாத்திக் காடும்தான். நல்ல இயற்கை மணல்னா பஹியா ஹோண்டா, மைல் மார்க்கர் 37, அதுலயும் சில நாள் கடல்பாசி ஒதுங்கி நாறும். வார இறுதியில பார்க்கிங் நிறைஞ்சா கேட்டை மூடிடுவாங்க, காலையிலேயே போயிடுங்க.

பவளம் பாக்க கீ லார்கோவுல ஜான் பென்னகேம்ப் பார்க்ல இருந்து படகு போகுது. நீச்சல் தெரியாதவங்களுக்கு அடியில கண்ணாடி வெச்ச படகு உண்டு, காத்து அதிகம் இருந்தா குமட்டும், வெறும் வயித்துல போகாதீங்க. ஒண்ணு சொல்லிடறேன், 2023 கோடையில தண்ணி சூடேறி நிறையப் பவளம் வெளுத்துப் போச்சு, பழைய போட்டோல இருக்கற கலரை எதிர்பாக்காதீங்க.

ஆகஸ்ட்ல ரூம் பாதி விலைக்குக் கிடைக்குதே, போலாமா? – வாசகர், ஹூஸ்டன்

பாதி விலை ஏன்னு ஹூஸ்டன்காரருக்குத் தெரியாதா! ஜூன் 1 தொடங்கி நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன், அதுல ஆகஸ்ட், செப்டம்பர் உச்சம். 2017 செப்டம்பர்ல இர்மா நேரா கஜோ கீ-யில கரை ஏறிச்சு. புயல் வருதுன்னா முதல்ல டூரிஸ்டைத்தான் வெளியேறச் சொல்வாங்க, ஒரே ரோடு, யோசிச்சுக்கோங்க. கேன்சல் பண்ணினா காசு திரும்பற ரூமா இருந்தா போங்க. கொசு மருந்தை மறக்காதீங்க. என் சாய்ஸ் கேட்டா ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம்.

கீ வெஸ்ட்ல கண்டிப்பா பாக்க வேண்டியது? – வாசகி, ராலே

தெருவுல சுதந்திரமா திரியற கோழிங்க. நிஜமாத்தான் சொல்றேன். வண்டியை எங்கேயாவது ஒரு கராஜ்ல போட்டுட்டு நடங்க, இல்ல சைக்கிள் எடுங்க, தீவே நாலு மைல் நீளம்தான். "தென்கோடி முனை"ன்னு கலர் அடிச்சு ஒரு பெரிய கான்க்ரீட் மிதவை நிக்கும், கியூபா 90 மைல்னு எழுதியிருக்கும், அதோட போட்டோ எடுக்க தர்ம தரிசனம் மாதிரி க்யூ. அது உண்மையான தென்கோடியும் கிடையாது, அதை விடத் தெற்கே இருக்கற இடம் நேவி காம்பவுண்டுக்குள்ள இருக்கு. விடிஞ்சதும் ஏழு மணிக்குள்ள போனா ஆளே இருக்காது. சாயந்திரம் மல்லரி ஸ்கொயர்ல வித்தை காட்டறவங்க, பாட்டு, கூட்டம், ஒரு தடவை பாக்கலாம்.

அந்த ஊர்க்காரங்க குசும்பு பிடிச்சவங்க. 1982ல கள்ளக் குடியேறிகளைத் தேடறோம்னு எல்லைக் காவல்காரங்க ஃப்ளோரிடா சிட்டியில ரோட்டை மறிச்சு ஒவ்வொரு காரா சோதனை போட, மைல் கணக்குல வண்டி நின்னு டூரிஸ்டே வரலைன்னு ஆயிடுச்சு. எங்களை வெளிநாடு மாதிரி நடத்தினா நாங்க வெளிநாடாவே ஆயிடறோம்னு ஏப்ரல் 23ஆம் தேதி மேயர் தனி நாடு அறிவிச்சுட்டாரு, பேரு சங்குக் குடியரசு. நேவி யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் தலையில காஞ்ச ரொட்டியால தட்டிப் போர், ஒரே நிமிஷத்துல சரணடைஞ்சு, நூறு கோடி டாலர் நிவாரணம் கேட்டாங்க. வரல. கொடி மட்டும் இன்னும் கடை கடையா விக்குது.

அக்கா, நான் ராமேஸ்வரத்துக்காரன். போட்டோல புதுப் பாலத்துக்குப் பக்கத்துலயே பாதியில அறுந்து போன மாதிரி ஒரு பழைய இரும்புப் பாலம் நிக்குது. அதை ஏன் இடிக்காம விட்டிருக்காங்க? நம்ம பாம்பனை விடப் பெருசா? – வாசகர், ராமேஸ்வரம்

எந்த ஊர்க்காரன் கேக்கணுமோ அவனே கேட்டுட்டே தம்பி, நானும் மண்டபம்தான்.

நீ பாத்தது பஹியா ஹோண்டா ரயில் பாலம். ஆமா, ரயில். இந்த ஹைவே பெரும்பாலும் ரயில் போட்ட பாதையில போட்ட ரோடு. ஸ்டாண்டர்ட் ஆயில்ல ராக்ஃபெல்லரோட கூட்டாளி ஹென்றி ஃப்ளாக்லர், பனாமா கால்வாய் வரப் போகுது, கீ வெஸ்ட் பெரிய துறைமுகம் ஆகும்னு கணக்குப் போட்டு 1905ல கடல் மேல தண்டவாளம் போட ஆரம்பிச்சாரு. கிழவனுக்குக் கிறுக்குன்னு ஊரே சிரிச்சுது. 1906, 1909, 1910ன்னு மூணு புயல் அடிச்சும் விடாம, 1912 ஜனவரி 22ஆம் தேதி 82 வயசுல தன் சொந்தப் பெட்டியில உக்காந்து கீ வெஸ்ட்ல வந்து இறங்கினாரு. அடுத்த வருஷமே போய்ச் சேந்துட்டாரு. நம்ம பாம்பன் பாலம் திறந்தது 1914, ரெண்டே வருஷ வித்தியாசம், அதுலயும் கப்பலுக்குத் தூக்கி வழிவிட்ட அந்த ரெண்டு கையும் ஷெர்சர்ங்கற அமெரிக்கக் கம்பெனி டிசைன்தான். நீளம் கேட்டா, நம்மளது ரெண்டு கிலோமீட்டர் சொச்சம், அவங்க ஏழு மைல் பாலம் மட்டுமே கிட்டத்தட்ட 11 கிலோமீட்டர்.

1935 செப்டம்பர் 2. இஸ்லமொராடா பக்கம் அமெரிக்கா கண்ட புயல்லயே ரொம்பப் பலமான ஒண்ணு ஏறிச்சு. அங்க ரோடு போடற வேலைக்குக் கூடாரத்துல தங்கியிருந்தவங்க நிறைய பேர் முதல் உலகப் போர்ல சண்டை போட்டுட்டு வந்த பழைய சிப்பாய்ங்க. அவங்களைக் கூட்டிட்டு வர மயாமியில இருந்து ரயில் அனுப்பினாங்க, லேட்டா அனுப்பினாங்க, அது இஸ்லமொராடா போய்ச் சேந்த நேரமும் கடல் ஏறின நேரமும் ஒண்ணாப் போச்சு. பெட்டியெல்லாம் கவிழ்ந்துடுச்சு, இன்ஜின் மட்டும் தண்டவாளத்துல நின்னுச்சு. மொத்தம் செத்தவங்க 400க்கு மேல. மைல் மார்க்கர் 81ல் ரோட்டோரமா ஒரு நினைவுத் தூண் இருக்கு, பவளக் கல்லுல அலையும், காத்துல வளையற தென்னை மாதிரி மரங்களும் செதுக்கியிருப்பாங்க, கீழ அஸ்தி. முக்காவாசி பேர் நிறுத்தாமப் போயிடறாங்க.

உனக்கு தனுஷ்கோடி ஞாபகம் வரும், எனக்கும் அதான். 64 டிசம்பர், அதே மாதிரி ரயில், அதே மாதிரி கடல். ஆனா பாம்பனை இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல சரி பண்ணி ரயில் விட்டோம். இங்க ரயில்வே கம்பெனி ஏற்கெனவே திவால், எங்களால ஆகாதுன்னு மொத்தப் பாதையையும் 6,40,000 டாலருக்கு மாநில அரசாங்கத்துக்கு வித்துட்டாங்க. பாலம் எல்லாம் நின்னுச்சு, அது மேலயே ரோடு போட்டு 1938ல திறந்தாச்சு. பஹியா ஹோண்டால மட்டும் இரும்புக் கூண்டுக்குள்ள ரெண்டு கார் எதிரெதிரா போக அகலம் பத்தல, அதனால கூண்டோட தலை மேல ரோட்டைத் தூக்கி வெச்சுட்டாங்க. 1982ல புது ஏழு மைல் பாலம் வந்துச்சு, பஹியா ஹோண்டாவுக்கும் பக்கத்துலயே வேற பாலம் போட்டாச்சு, பழசு அப்படியே நிக்குது, படகு போக ஒரு துண்டைக் கழட்டிட்டாங்க, அதான் உனக்கு அறுந்த மாதிரி தெரியுது.

2014ல எங்க அப்பா வந்திருந்தாரு. மண்டபத்துல ரயில்வே கேங்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. பழைய ஏழு மைல் பாலத்துல நடந்துக்கிட்டே இருக்கோம், நான் ஆமை தெரியுதா, சுறா தெரியுதான்னு தண்ணியைக் காட்டிக்கிட்டு வர்றேன், இவர் ஓரத்துல இருந்த தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. வெள்ளைப் பெயின்ட் உரிஞ்சு துரு ஏறிக் கெடந்துச்சு. விரல் மடக்கித் தட்டிப் பாத்தாரு. "ஆத்தா, இது தண்டவாளம்ல?"ன்னாரு. அப்புறம் படிச்சுப் பாத்தா உண்மைதான், புயலுக்கு அப்புறம் பிடுங்கின தண்டவாளத்தையே ரோட்டுக்குத் தடுப்பா வெச்சிருக்காங்க. தண்டவாளத்துப் பக்கவாட்டுல எந்த ஆலை, எந்த வருஷம்னு அச்சு இருக்குமாம், கார் சாவியை வாங்கிச் சுரண்டிப் பாத்தாரு, துருவுல ஒண்ணும் தெரியல. திரும்பி வர்ற வழியெல்லாம் மனுஷன் கடலைப் பாக்கவே இல்ல, அந்தக் கம்பியைத் தடவிக்கிட்டே வந்தாரு.